திரை கட்டிய பந்தயக் கார்

காரை வாங்கிக்கொண்டு வந்த அன்று எங்கள் வீட்டில் கேட்கப்பட்ட முதல் கேள்வி, இதில் எத்தனை கோட்டை நெல் ஏற்றலாம் என்பதுதான். கேட்டவர் என் கணவரின் சித்தப்பா. பதில் சொல்ல வேண்டியவர் என் கணவர். கோர்ட்டில் எப்படிப்பட்ட கேள்விக்கும் ஒரு பதில் கைவசம் வைத்திருக்கிற வக்கீல் அவர். அன்றைக்கு மட்டும் ஒரு துணியை எடுத்துக் காரின் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

அது பந்தயக் கார். மலைமேல் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை தன் நாட்டுக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன சாமான்களில் ஒன்று. மற்றவர்கள் போய் மேஜை, நாற்காலி, பீங்கான் தட்டு என்று வாங்கி வந்தார்கள். இவர் இதை வாங்கி வந்தார். நல்ல பழுத்த செந்துளுவன் வாழைப்பழத்தின் சிவப்பு நிறம். கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்து மூட ஒரு கித்தான் உண்டு. அது மழையைப் பாதி வெளியே விடும், பாதி உள்ளே விடும். உட்கார இரண்டே இடம். பின்னால் மாற்றுச் சக்கரம் ஒன்று மாட்டியிருந்தது, அவ்வளவுதான். தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். வீட்டுக் குழந்தைகள் அன்று மாலையே அதற்குச் செந்துளுவன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெரியவர்கள் வேறு பெயர்கள் சொன்னார்கள். அதையெல்லாம் எழுத முடியாது.

எங்கள் ஊர் பூதப்பாண்டிக்குப் பக்கம். வீட்டில் பெரிய வாய் சித்தப்பாவுக்கு என்றாலும், சாவி இருந்தது மைனி இடுப்பில். மைனி என் கணவரின் அக்காள். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். எங்கள் ஆட்களில் அந்தக் காலத்தில் சொத்து தாய்வழியில் இறங்கும். அதனால் பிறந்த வீட்டில் பெண்ணுக்கு வலு உண்டு. நெல் அளப்பது முதல் யார் யாருக்கு எப்போது தலைக்கு எண்ணெய் என்பதுவரை மைனி சொன்னதுதான். சித்தப்பா சத்தம் போட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, மைனி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மாடு வாங்கும்போது பல்லைப் பார்க்கிற மாதிரி குனிந்து அடியிலும் பார்த்தாள்.

"கன்னிப்பூ அறுப்பு வரைக்கும் நிக்கட்டும்" என்றாள். "நம்ம வண்டி செய்யுத வேலைய இது செஞ்சா வண்டிய விப்போம். செய்யலேன்னா இத விப்போம்."

வண்டி என்றால் எங்கள் வில்வண்டி. இரண்டு காளைகளும், திரையும், வைக்கோல் மெத்தையுமாக அது ஒரு குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போகும். அதனோடு போட்டி போடச் சொன்னால் இந்தக் கார் என்ன செய்யும்? முதல் வாரத்திலேயே தோற்றுவிட்டது.

சித்தப்பா என் கணவரிடம் ஒரு பெரிய ஏத்தன் வாழைக்குலையைக் கொடுத்துக் கோட்டாறு சந்தைக்குக் கொண்டுபோகச் சொன்னார். வேறு இடம் இல்லாததால் குலையைப் பக்கத்துச் சீட்டில் நிமிர்த்தி வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். அவரும் ஏத்தன் குலையும் பொண்ணு மாப்பிள்ளை மாதிரி தெருவில் போனார்கள். என் கணவருக்குப் பக்கத்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்தது அந்தக் குலைதான் என்பதை நான் இன்றும் மறக்கவில்லை.

அப்புறம் சத்தம். கைப்பிடியைப் போட்டுச் சுழற்றினால் முதலில் இருமும், பிறகு குரைக்கும், அதற்கப்புறம்தான் ஓடும். கார் நின்ற வண்டிப்புரைக்கு அடுத்து எருமைத் தொழுவம். எருமை பாலை அடக்கிக்கொண்டது. எங்கள் தெருமுனையில் ஓடைமேல் ஒரு சின்னப் பாலம் உண்டு, முதுகு வளைந்த பாலம். செந்துளுவனின் வயிறு அதில் உரசும். ஆள் இறங்கி நடந்தால்தான் தாண்டும். இந்தக் குறைகளையெல்லாம் சித்தப்பா சாப்பாட்டுக்கு உட்காரும்போது தவறாமல் சொல்வார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு குழம்பை ஊற்றிக்கொள்வார். அவருக்குக் காரை விட மனசில்லை. ஆனால் அக்காளை எதிர்த்துப் பேசுகிற வழக்கமும் இல்லை.

எனக்கு அந்தக் காரைப் பற்றி அப்போது ஒரு கருத்தும் கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நான் மெதுவாகப் பேசி, மெதுவாக நடந்து, அடுக்களையிலேயே பாதி ஆயுளைக் கழித்துக்கொண்டிருந்தேன். பகலில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது எங்கள் பக்கம் மரியாதைக் குறைவு. எனக்குச் சொல்ல வேண்டியதை அவர் மைனியிடம் சொல்வார். நான் சொல்ல வேண்டியதை மைனி அவரிடம் சொல்வாள். இடையில் மைனி கொஞ்சம் உப்பும் புளியும் கூட்டிக் குறைப்பதும் உண்டு. ராத்திரியில் பேசலாமே என்றால், அடுத்த அறையில் சித்தப்பா இருமிக்கொண்டிருப்பார்.

அந்த வைகாசியில் நெல் அவிக்கும்போது கொதிக்கிற தண்ணீர் என் வலது கையில் கொட்டிவிட்டது. நாட்டு மருந்தில் ஆறவில்லை. நெய்யூர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். வாரம் ஒருமுறை வந்து கட்டு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வில்வண்டியில் நெய்யூர் போய் வருவதென்றால் விடியுமுன் புறப்பட்டு, விளக்கு வைத்த பிறகு வந்து சேர வேண்டும். காளைகள் மறுநாள் உழவுக்கு ஆகாது. என் கணவருக்கோ பத்மநாபபுரம் கோர்ட்டில் வேலை. காரில் அங்கிருந்து நெய்யூர் கொஞ்ச தூரம்தான். மைனி யோசித்தாள். காளைகளை நினைத்துத்தான் யோசித்தாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கடைசியில் என்னைக் காரில் போகச் சொன்னாள்.

வண்டியில் என்றால் பெண்கள் திரைக்குப் பின்னால். நடந்தால் ஆணுக்குப் பின்னால் பத்தடி தள்ளி. இந்தக் காரில் பின்னால் என்று ஒரு இடமே இல்லை. நான் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். குளத்துப் படிக்கட்டில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் துணியைக் கசக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பாலத்தில் இறங்கி நடந்து, திரும்ப ஏறி உட்கார்ந்தபோது அப்படியே வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது.

நாகர்கோவில் தாண்டும்வரை அவரும் பேசவில்லை. பார்வதிபுரம் கழிந்து இருபுறமும் தென்னையும் வயலுமாக வந்ததும், ரோட்டைப் பார்த்தபடியே, கை ரொம்ப வலிக்குதா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு, வலிக்கத்தான் செய்கிறது என்றேன். அதுதான் நாங்கள் வெயில் வெளிச்சத்தில் பேசிய முதல் பேச்சு. கேட்டால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கும். சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

அதன்பிறகு வந்த ஒவ்வொரு வாரமும் அந்த மனிதரை நான் புதிதாகப் பார்த்தேன். அவர் பாடுவார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. சுதி அவர் பக்கத்தில்கூட வராது, ஆனாலும் பாடுவார். வில்லுக்குறி வந்ததும் பாட்டு நின்றுவிடும். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். கோர்ட் நெருங்க நெருங்க வயிறு கலங்கும் என்றார். இத்தனை வருஷமாகக் கோர்ட்டுக்குப் போகும் ஒவ்வொரு காலையிலும் அப்படித்தானாம். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சித்தப்பாவுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். வில்லுக்குறி தாண்டியதும் நான் ஏதாவது பேச்சுக் கொடுக்க வேண்டும் என்பது அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு.

இன்னொரு நாள் ஒரு வழக்கைச் சொன்னார். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் நடுவே எல்லையில் ஒரு பலாமரம். மரம் யாருடையது என்பது தகராறு. சொல்லிவிட்டு, "நீ என்ன நினைக்கிய?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை, என் அப்பாகூட. எனக்கு அழுகை வந்துவிட்டது. காற்றில் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். மரத்தடியில் சருகைப் பெருக்கியது எந்த வீட்டுப் பெண் என்று கேட்டுப் பாருங்கள் என்றேன். அவர் காரையே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோர்ட்டிலும் அதைக் கேட்டாராம். வழக்கு தோற்றுப்போனது. ஆனாலும் கேள்வி நல்ல கேள்விதான் என்று திரும்பி வரும்போது சொன்னார்.

கட்டு மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் மாலைவரை காத்திருப்பேன். செந்துளுவன் தூரத்தில் குரைப்பது கேட்டதும் எழுந்து நிற்பேன். கை ஆறிக்கொண்டே வந்தது. கை ஆறுகிறதே என்று வருத்தப்பட்ட நோயாளி அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்குள் ஊர் பேச ஆரம்பித்திருந்தது. வக்கீல் பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர்வலம் போகிறார் என்று கோட்டாறு கடைத்தெருவில் யாரோ சொன்னதைச் சித்தப்பா மறக்காமல் கொண்டுவந்து சேர்த்தார். ஆனியில் தோவாளையில் ஒரு கல்யாணம். மைனியின் புருஷன் வீட்டுச் சொந்தம் எல்லாம் அங்கே கூடும். குழந்தைகளையும் மைனியையும் ஏற்றிய பிறகு வண்டியில் எனக்கு இடம் இல்லை. காரில் நான் வெட்டவெளியில் போய் இறங்கினால் அவர்கள் முன்னால் மைனிக்குத் தலைகுனிவு. அதற்கு மைனி ஒரு வழி கண்டுபிடித்தாள். வில்வண்டிக்குப் பழைய திரை ஒன்று உண்டு. பச்சைக் கட்டம் போட்ட கனத்த துணி. ஆசாரியை வரவழைத்து, காரில் என் சீட்டைச் சுற்றி மூங்கில் குச்சிகளை நட்டு, நாலு பக்கமும் அந்தத் திரையைக் கட்டச் செய்தாள். எனக்கும் அவருக்கும் இடையிலும் திரை.

ஆனி மாதம் தோவாளையை அடுத்த ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆளையே தள்ளும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் கணவர் தயங்கித் தயங்கி அதை எடுத்துச் சொன்னார். மைனி கேட்கவில்லை. இதே திரை, இதே ரோடு, இதே ஆனிக் காற்றில் எத்தனை கல்யாணத்துக்குப் போய் வந்திருக்கிறது என்றாள். அவள் சொன்னது உண்மைதான். ஆனால் அப்போதெல்லாம் அதை இழுத்துப் போனவை காளைகள்.

கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டிய குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு, சாமி சப்பரத்துக்குள் இருப்பதுபோல் நான் திரைக்குள் இருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவர் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. தாழக்குடி தாண்டி வெளி ரோட்டில் கார் வேகம் எடுத்ததும் திரை உப்பியது. ஒரு குச்சி பிடுங்கிக்கொண்டது, பிறகு எல்லாக் குச்சியும். திரை முழுசும் பறந்துபோய் அவர் முகத்தில் சுற்றிக்கொண்டது. கண்ணைக் கட்டிய வக்கீலோடு செந்துளுவன் ரோட்டை விட்டு இறங்கி, சரிவில் மெல்லப் போய், அன்றைக்குத்தான் நட்ட வயலில் உட்கார்ந்தது.

அடி ஒன்றும் இல்லை. முழங்கால் அளவு சேற்றில், பட்டுச் சேலையோடு, கையில் குத்துவிளக்கோடு நான் நின்றேன். திரையிலிருந்து தலையை விடுவித்துக்கொண்டு அவர் நின்றார். நடுவை நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நாற்றைப் போட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, தோவாளைக்குக் கேட்டிருக்கும். அவருக்கும் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக மைனியும் குழந்தைகளும் ஏறிய வில்வண்டி வந்து சேர்ந்தது. வண்டிக்காரர் காளைகளை அவிழ்த்தார். கயிறு போட்டுக் காரை இழுத்து ரோட்டில் விட்டது அந்தக் காளைகள்தான்.

போட்டி அன்றைக்கே முடிந்துவிட்டது என்று சித்தப்பா தீர்ப்புச் சொன்னார். மைனி மட்டும், சொன்ன சொல் சொன்ன சொல்தான், அறுப்பு வரைக்கும் நிற்கட்டும் என்றாள். ஆனால் நான் இனிமேல் அதில் ஏறக்கூடாது. கையும் ஆறிவிட்டது, காரணம் சொல்லவும் ஒன்றுமில்லை.

அவர் தனியாகக் கோர்ட்டுக்குப் போவார். வில்லுக்குறி தாண்டும்போது யார் பேச்சுக் கொடுப்பார்கள் என்று அடுக்களையில் நினைத்துக்கொள்வேன். வீட்டில் மறுபடியும் பழைய ஏற்பாடு. "குழம்புல உப்பு கூடிப் போச்சுன்னு சொல்லுக்கா" என்பார் மைனியிடம். நான் இரண்டடி தூரத்தில் நிற்பேன். கார் போய்விட்டால் இந்த மனிதர் சாகும்வரை இரண்டடி தூரத்திலேயே இருந்துவிடுவார் என்பதுதான் என் பயம். அதை யாரிடம் சொல்வது? என் சார்பில் அவரிடம் பேச வேண்டியவள் மைனி. இதையும் மைனியிடம் சொல்லியா அனுப்ப முடியும்? மைனி அளந்து போட்ட நெல்லைப் புடைத்தபடி நாளைக் கழித்தேன்.

புரட்டாசியில் கன்னிப்பூ அறுப்பு முடிந்தது. கொல்லத்திலிருந்து ஒருவர் காரை விலைக்குப் பார்க்க வருவதாக ஏற்பாடாகிவிட்டது. அவர் வருவதற்கு முந்தின நாள் மைனி பத்மநாபபுரத்தில் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. தள்ளிப்போட முடியாத காரியம். காளைகளில் ஒன்றுக்கு லாடம் கழன்று கால் வீங்கியிருந்தது. மைனி வண்டிப்புரை வாசலில் வெகுநேரம் நின்றாள். திரை கட்டவா என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. வெள்ளைச் சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு தம்பிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். பாலத்தில் இறங்கி நடந்து, மறுபடி ஏறியதைத் தெருவே பார்த்தது.

சாயங்காலம் திரும்பி வந்ததும் கால்கூடக் கழுவாமல் நேரே அடுக்களைக்கு வந்து பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள்.

"அவன் பாடுகான், கேட்டியா" என்றாள்.

எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை.

"வில்லுக்குறி வந்ததும் நிறுத்திட்டான். என்னலேன்னு கேட்டேன். வயிறு கலங்குதுங்கான். நான் தூக்கி வளத்த பய. எனக்குத் தெரியாது பாத்துக்கோ." செம்பைக் கீழே வைத்தாள். "பொறவு அவன் எங்கிட்ட கேக்கான். அத்தான் எப்பிடிக்கா, பேசுவாரா, சிரிப்பாரான்னு. எனக்கு வாயே வரல மக்கா. அவரு வண்டிக்கு முன்னால இருப்பாரு. நான் திரைக்குப் பின்னால. அவரு கொரல் எப்பிடி இருக்கும்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

மைனி அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவும் இல்லை. எழுந்துபோய்ப் பரணில் சுருட்டி வைத்திருந்த அந்தப் பச்சைக் கட்டத் திரையை இழுத்துக் கீழே போட்டாள். அரிவாள்மணையில் ஒரு முனையைக் கீறிவிட்டு, கையால் பரபரவென்று கிழித்தாள். பாதி கிழிக்கும்போது சத்தம் கேட்டுச் சித்தப்பா வந்து எட்டிப் பார்த்தார். கொல்லத்துக்காரர் நாளைக்கு எத்தனை மணிக்கு வருகிறார் என்று அவர் ஏதோ ஆரம்பித்தார்.

"வந்தா காப்பி குடுத்து அனுப்புங்க" என்றாள் மைனி. "அது வீட்டுக் காரியத்துக்கு ஒண்ணுக்கும் ஆவாது. நெல்லு ஏத்த முடியாது, புள்ளைகள ஏத்த முடியாது. அதுக்கு நம்ம வண்டி இருக்கு. வண்டியும் நிக்கட்டும், காரும் நிக்கட்டும்."

சித்தப்பா போனபிறகு கிழித்த துணிகளையெல்லாம் ஒன்றாக மடித்து என் கையில் வைத்தாள். காரைத் துடைக்க வைத்துக்கொள்ளச் சொன்னாள். நாளைக்குக் கோர்ட் உண்டு, நீயும் கூடப் போ என்றாள்.

"ஆஸ்பத்திரில எனக்கு இப்ப சோலி ஒண்ணும் இல்லியே மைனி" என்றேன்.

"சோலி இருந்தாத்தான் போவணுமா?" என்றாள்.

மறுநாள் காலையில் நான் அந்தத் துணியால் சீட்டைத் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். வில்லுக்குறிவரை அவர் பாடினார். அதற்கப்புறம் நான் பேசிக்கொண்டு வந்தேன்.